மூடிய பெயரும் திறந்த ஏடும்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்த சில நாள்களில் பங்குகளிலும் சங்கங்களிலும் ஒரு மேசை போடப்படும். கல்வி உதவித்தொகை வேண்டி வந்த விண்ணப்பங்கள் அதன்மேல் அடுக்கி வைக்கப்படும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வங்கிப் பணியாளர் ஒருவர், ஓர் அருட்சகோதரி, கணக்கெழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் எனச் சிலர் ஊதியம் ஏதுமின்றி அமர்ந்து அவற்றைப் படிப்பர். தேநீர் ஆறிப்போகும். பொழுது சாயுமுன் சில பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு குறி விழும். பல பெயர்களுக்கு நேரே விழாது.

பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மேசை ஒன்றின் முன் நானும் அமர்ந்திருந்தேன். விண்ணப்பங்களுள் என் தமக்கை மகனுடையதும் ஒன்று. ஆலை மூடப்பட்டு அவன் தந்தை வேலையிழந்திருந்த காலம் அது. ஆகவே விண்ணப்பத்தில் பொய் எதுவும் இல்லை. அவன் முறை வந்ததும், "இதில் நான் இருப்பது முறையன்று" என்று சொல்லி எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றேன். பத்து நிமிடங்களில் உள்ளே அழைத்தார்கள். அவனுக்கு உதவி கிடைத்திருந்தது. அதே அடுக்கில், அவனைவிட மதிப்பெண் மிகுதியாய்ப் பெற்ற ஒரு பெண்ணின் விண்ணப்பமும் இருந்தது. தாயார் வீட்டு வேலை செய்பவர் என்று பென்சிலால் எழுதி, அதன்மேல் மையால் மீண்டும் எழுதியிருந்தாள். அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றிரவு நான் நன்றாகவே உறங்கினேன். விலகி நின்றவன் என்ற நிறைவு எனக்கிருந்தது.

அந்த உறக்கம் நியாயமானதா என்ற ஐயம் நெடுங்காலம் கழித்து, சுவீடன் நாட்டு ஆய்வொன்றைப் படித்தபோதுதான் எழுந்தது. அதைச் சொல்வதற்கு முன், பிறர் பொருளைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்கும் கைகளைக் காவலிட மனிதர் செய்த முயற்சிகளின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நலம்.

இவ்வகையில் சீன நாட்டுக்கு இணையாகப் பாடுபட்ட நாடு வேறில்லை எனலாம். அங்கே அரசுப் பணிக்குத் தேர்வெழுதிய மாணவரின் வாழ்வும் அவர் குடும்பத்தின் வாழ்வும் சில தாள்களில் தொங்கின. தேர்வாளர் தமக்கு வேண்டியவரை உயர்த்தாமல் தடுப்பது எப்படி? சொங் அரசமரபினர் முதலில் பெயரை மூடினர். விடைத்தாளில் எழுதியவரின் பெயரும் ஊரும் உள்ள பகுதியை மடித்து ஒட்டிவிடும் வழக்கத்தை 992ஆம் ஆண்டு அரண்மனைத் தேர்வில் கொணர்ந்தனர். 1007இல் தலைநகரத் தேர்வுக்கும் 1033இல் மாவட்டத் தேர்வுகளுக்கும் அது விரிந்தது. பெயரை மூடினாலும் கையெழுத்து காட்டிக்கொடுக்குமன்றோ? ஆகவே 1015இல் மற்றோர் ஏற்பாடு செய்தனர். எழுத்தர்கள் ஒவ்வொரு விடைத்தாளையும் தம் கையால் படியெடுப்பர். தேர்வாளர் கண்ணில் படுவது அந்தப் படி மட்டுமே. தேர்வாளருக்கும் விடுதலை இல்லை. நியமன ஆணை கைக்கு வந்ததும், பரிந்துரையோடு எவரும் வாயிலில் வந்து நிற்குமுன், அவர் தேர்வுக்கூடத்துக்குள் சென்றுவிட வேண்டும். கதவு பூட்டப்படும். 1057இல் தலைமைத் தேர்வாளராக இருந்த ஔயாங் சியூவும் அவருடைய தோழர்களும் ஏறத்தாழ 50 நாள்கள் அவ்வாறு அடைபட்டிருந்தனர். பொழுது போக்கத் தம்முள் கவிதை எழுதிப் பரிமாறிக்கொண்டனர் என்பது அவரே எழுதிவைத்த செய்தி.

அந்த 1057ஆம் ஆண்டுத் தேர்வில் நிகழ்ந்ததாகச் சீனர் சொல்லிவரும் ஒரு நிகழ்ச்சி, விண்ணப்பங்களைப் படிக்கும் ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்தத் தக்கது. படியெடுத்த தாள்களுள் ஒரு கட்டுரை ஔயாங் சியூவை வியப்பில் ஆழ்த்தியது. அதை முதலிடத்தில் வைக்கவே அவர் உள்ளம் விழைந்தது. ஆயினும், இத்துணை நேர்த்தியாக எழுதத் தம் மாணவர் செங் கொங்கைத் தவிர வேறு யாரால் இயலும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சொந்த மாணவனை முதல்வனாக்கினார் என்ற பழி வரக்கூடாதே என்று அதனை இரண்டாம் இடத்தில் வைத்தார். முத்திரை உடைத்துப் பெயரைப் பார்த்தபோது, அது செங் கொங் எழுதியதன்று. தொலைவிலுள்ள சிச்சுவானிலிருந்து வந்த சூ ஷி என்னும் 20 வயது இளைஞர் எழுதியது. பின்னாளில் சீன இலக்கியத்தின் தலைசிறந்த பெயர்களுள் ஒன்றாய் விளங்கிய அதே சூ ஷிதான்.

நாம் பொதுவாக அஞ்சுவது வேண்டியவருக்குச் சலுகை காட்டுவதை. ஔயாங் சியூ செய்ததோ அதன் மறுபக்கம். தம் நேர்மைக்குப் பழுது வராமல் காக்க முனைந்தார். அதன் விலையை முன்பின் அறியாத ஓர் இளைஞன் கொடுத்தான். தெரிவுக்குழுவில் அமர்பவர் தம் நற்பெயரைப் பற்றியே எண்ணத் தொடங்கும்போது விண்ணப்பதாரர் மறைந்துபோகிறார். இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தம் ஊர்ப்பிள்ளை என்பதாலேயே கடுமையாக மதிப்பிட்டவர் ஒருவரை அறிவேன். அவரை அனைவரும் நேர்மையாளர் என்று போற்றினர். அந்தப் பிள்ளை என்ன எண்ணினானோ தெரியாது.

கதைக்குப் பின்னொட்டும் உண்டு. 31 ஆண்டுகள் கழித்து, 1088இல், அதே சூ ஷி தலைமைத் தேர்வாளராக அமர்ந்தார். தம்மிடம் பழகிய லீ ஜீ என்னும் வறியவர் அவ்வாண்டு தேர்வெழுதியதை அவர் அறிவார். அவர் எழுதியதாகவே இருக்கும் என்று நம்பி ஒரு தாளை மகிழ்வோடு உயர்ந்த இடத்தில் வைத்தாராம். முத்திரை உடைந்தபோது வேறொருவர் பெயர் வெளிப்பட்டது. லீ ஜீ தேறவே இல்லை. சூ ஷி அதற்காக வருந்திக் கவிதை எழுதினார். மூடிய பெயர் ஒருமுறை அவரைத் தாழ்த்தியது. மறுமுறை அவருடைய பாசத்தைத் தோற்கடித்தது. மூடுதிரை தன் வேலையைச் செய்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் திரைக்குப் பின்னே யார் என்று ஊகிக்கும் மனத்தை எந்தப் பசையாலும் ஒட்டிவிட முடியவில்லை.

பெயரை மூடுவதை எதிர்த்தவர்களும் அற்பர்கள் அல்லர். 1043இல் சீர்திருத்தம் கொணர்ந்த ஃபான் சொங்யென் என்னும் அமைச்சர், மாவட்ட அளவிலேனும் பெயரை மூடாதிருக்க வேண்டும் என்றார். ஒருவன் எழுதியதை மட்டும் பார்த்து அவன் எத்தகையவன் என்பதைப் பாராமல் தெரிவு செய்வது எப்படி என்பது அவர் வாதம். அவருடைய சீர்திருத்தங்கள் ஓரிரு ஆண்டுகளில் சரிந்துவிட்டன. கேள்வி மட்டும் சரியவில்லை. தாளைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

ஆளைப் பார்த்ததன் வரலாற்றில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்குண்டு; அதை மறைப்பதற்கில்லை. உறவினருக்குச் சலுகை காட்டுவதைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் 'நெப்போட்டிசம்' என்ற சொல்லே, மருமகன் அல்லது உடன்பிறந்தார் மகன் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். திருத்தந்தையர் பலர் தம் உடன்பிறந்தாரின் மக்களைக் கர்தினால்களாக்கிச் செல்வமும் பதவியும் வழங்கிய வழக்கமே அச்சொல்லுக்குத் தாய். 1692இல் திருத்தந்தை 12ஆம் இன்னொசென்ட் ஆணையொன்றை விடுத்து அவ்வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். உறவினருக்கு நிலமும் பதவியும் வருவாயும் வழங்கலாகாது எனத் தடுத்தார். இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 1560இல் தம் மாமனாகிய 4ஆம் பயஸ் திருத்தந்தையால் 21 வயதில் கர்தினாலாக்கப்பட்டவர்தாம் புனித சார்லஸ் பொரோமேயு. மருமகன் என்பதற்காக உயர்த்தப்பட்டவர் புனிதராய் முடிந்தார். ஒரு தெரிவு நற்கனி தந்ததென்பதால் அத்தெரிவு முறையானதாகிவிடுமா? 1692இன் ஆணை இல்லை என்றே விடை சொல்கிறது. என் தமக்கை மகன் நன்றாகப் படித்து இன்று நல்ல நிலையில் இருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட நாள்களில் இந்த விடையை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

நம் மண்ணிலும் இந்த அச்சம் பழமையானதே. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். குடவோலை முறையைப் போற்றுவோர் ஒரு பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்பதோடு அக்கல்வெட்டு நிற்கவில்லை. அவருடைய தாயின் உடன்பிறந்தாள் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், மாமன் என்று உறவுமுறைகளை அடுக்கி, அவர்களுக்கும் தடை விதிக்கிறது. அந்தணர் சபையொன்றின் விதி அது. ஊரார் அனைவருக்கும் உரியதன்று. ஆயினும் உறவையும் கணக்கையும் ஒரே மூச்சில் பேசிய அதன் கூர்மை போற்றத்தக்கது.

அண்மைக் காலத்து உதவித்தொகைகளுள் புகழ்பெற்றது, 1902இல் மறைந்த செசில் ரோட்ஸ் தம் உயிலில் ஆக்ஸ்போர்டு மாணவர்களுக்கென ஏற்படுத்தியது. படிப்பு மட்டும் போதாது. பண்பு, தலைமை, வீரவிளையாட்டில் விருப்பம் ஆகியவையும் வேண்டும் என்றது உயில். பண்பைப் பார்க்கச் சொன்னால் குழுவினர் பெரும்பாலும் தம்மைப் போன்றவரையே பார்ப்பர் என்பதற்கு அதன் பின்வரலாறே சான்று. இனத்தைக் காரணம் காட்டி எவரையும் விலக்கக் கூடாது என்று அதே உயில் கூறியிருந்தது. 1907இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஆலன் லாக் தெரிவானார். அடுத்த அமெரிக்கக் கறுப்பினத்தவர் தெரிவாக 1960களின் தொடக்கம்வரை காத்திருக்க நேர்ந்தது. பெண்களுக்கோ 1977வரை இடமே இல்லை.

இவ்வளவையும் படிப்பவர், பெயரை மூடுவதே சிறந்தது, ஆளைப் பார்ப்பதே கேடு என்று முடிவு செய்யக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். அந்த முடிவைக் கலைத்தது சீனிவாச இராமானுஜனின் கதை. கணித மேதையின் கதையாக அதை அனைவரும் படிப்பர். உதவித்தொகைக் குழுவொன்றின் கதையாக அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களைக் கைவிட்டதால் ஆங்கிலத்தில் தவறி அத்தொகையை இழந்தார். மகனுக்காக அவர் தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரிடம் சென்று வாதிட்டும் பயனில்லை. விதி விதிதான். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து, 1906லும் 1907லும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். பெயர் மூடிய எந்தத் தாள் முறையும் இவரைக் காப்பாற்றியிருக்காது. தாளில் இருந்தது தோல்வி மட்டுமே.

அவரைக் காத்தவர்கள் ஆளைப் பார்த்தவர்கள். நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்து, முதலில் ஐயுற்று, மீண்டும் பார்த்து, பின் தம் கைப்பொருளிலிருந்து மாதம் 25 ரூபாய் வழங்கினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியான நாராயண ஐயர் தாமே கணிதம் பயின்றவர். இரவில் இராமானுஜனோடு பலகையில் கணக்கிட்டுப் பார்ப்பார். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் செவியில் இச்செய்தியை இட்டவரும் அவரே. இங்கிலாந்திலிருந்த கணிதப் பேராசிரியர் ஹில்லிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பிழைகள் உள்ளன, ஆற்றலும் உள்ளது என்ற வகையில் அவர் தயக்கத்தோடு விடை எழுதினார். 1913 சனவரியில் இராமானுஜன் தாமே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார்.

அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில், இந்திய வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் மாணவராய்த் தேறியவர் அவர். இராமானுஜனின் ஆக்கங்களை அவரிடம் காட்டினர். அடுத்த நாளே பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் எழுதிய கடிதத்தை, பரிந்துரை எழுத அமரும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தாம் கண்ட தனித்தன்மையை அவர் அதில் பாராட்டினார். ஆனால் இளைஞர் உழைக்கும் கணிதப் பிரிவில் தாம் சிறப்புப் பயிற்சி பெற்றவரல்லர் என்பதையும், ஆகவே அவருடைய ஆற்றலின் அளவை நம்பத்தகுந்த முறையில் தம்மால் கணிக்க இயலாது என்பதையும் மறைக்காமல் குறிப்பிட்டார். இருந்தும், வாழ்க்கைக் கவலையின்றிச் சில ஆண்டுகள் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட அவருக்கு வழிசெய்வது பல்கலைக்கழகத்துக்குத் தகும் என்பதில் தமக்கு ஐயமில்லை என்றார். தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாதது என்றும் பிரித்துச் சொன்ன கடிதம் அது. ஒருமுறை பார்த்த மாணவனை 'நான் கண்டவருள் தலைசிறந்தவன்' என்று எழுதிக் கையொப்பமிடும் நம் பரிந்துரைக் கடிதங்களை அதன் அருகே வைத்துப் பார்க்க எனக்கு நாணமாக இருக்கிறது. நானும் அப்படி எழுதியவன்தான்.

மார்ச் 19ஆம் நாள் பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடத்திட்டக் குழு கூடியது. நாராயண ஐயரும் அழைக்கப்பட்டிருந்தார். மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கலாம் எனக் குழு பரிந்துரைத்தது. ஆட்சிக்குழுவின் முன் அது வந்தபோது தடை எழுந்தது. முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே ஆராய்ச்சி உதவித்தொகை என்பது விதி, இவரோ எஃப்.ஏ.யும் தேறாதவர். அப்போது உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர் எழுந்து, பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையைச் சுட்டிக்காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என அங்கே சொல்லப்பட்டிருக்க, நிறுவப்பட்ட ஆற்றலுடைய ஒருவருக்கு உதவாதிருப்பது எப்படி என்பது அவர் வாதத்தின் சாரம். தடை நீங்கியது. உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை இணைக்கப்பட்டது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் ஆய்வைப் பற்றி இராமானுஜன் அறிக்கை தர வேண்டும். முதல் அறிக்கையை அவர் 1913 ஆகஸ்டு 5ஆம் நாள் அளித்தார். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் மூன்று அறிக்கைகளை அளித்துவிட்டிருந்தார்.

இக்கதையில் அனைவரும் இராமானுஜனை அறிந்தவர்கள். மேலதிகாரி பரிந்து பேசினார். விதி தளர்த்தப்பட்டது. அப்படியானால் இதுவும் சலுகைதானே? சிலகாலம் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. இராமானுஜனுக்கு ஒரு நாராயண ஐயர் கிடைத்தார். ஆளைத் தெரிந்த அதிகாரிகளின் வட்டத்துக்குள் நுழைய முடியாத குடும்பங்களில் பிறந்த எத்தனை பேருக்கு அன்றைய சென்னையில் அவ்வாறு ஒருவர் கிடைத்திருப்பார் என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. அக்குறை உண்மையே. ஆயினும் நடந்த முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். தெரிந்தவர்கள் தம் சொல்லையே போதுமானதாகக் கொள்ளவில்லை. தெரியாதவர்களின் தீர்ப்பை நாடினர், அது தயக்கமாய் வந்தபோதும் மறைக்கவில்லை. விதி தடுத்தபோது அதை ஓசையின்றிச் சுற்றிப் போகவில்லை. அவையில் எழுந்து, எந்தக் காரணத்தால் தளர்த்த வேண்டும் என்று உரக்கச் சொன்னார்கள். அந்தக் காரணம் எழுத்தில் நின்றது. அவ்வாண்டு உதவி கிடைக்காத வேறொரு மாணவர் அதைப் படித்திருந்தால் வருந்தியிருக்கலாம். ஏமாற்றப்பட்டதாக எண்ணியிருக்க மாட்டார்.

இனிச் சுவீடனுக்கு வருவோம். அந்நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இளம் ஆய்வாளர்களுக்கு வழங்கும் ஆய்வுப் பணி நல்கைக்கு 1995இல் 114 பேர் விண்ணப்பித்தனர். ஆண்கள் 62, பெண்கள் 52. தெரிவானவர் 20 பேர். அவருள் பெண்கள் நால்வர். விண்ணப்பங்களை மதிப்பிட்ட குழுவினர் தத்தம் துறையில் பெயர்பெற்ற அறிஞர்கள். கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டீன் வென்னெரோஸ், ஆக்னெஸ் வோல்ட் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் குழுவினர் இட்ட மதிப்பெண்களைப் பார்க்க வேண்டும் என்றனர். மன்றம் மறுத்தது. ஆனால் சுவீடனில் 1766ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் உண்டு. அரசு அலுவலக ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பார்க்கலாம். நீதிமன்றம்வரை சென்று அந்த ஏடுகளைத் திறக்கச் செய்தார்கள். 1997 மே மாதம் 'நேச்சர்' இதழில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது.

அவர்கள் செய்தது எளிய வேலை. ஒவ்வொருவரும் வெளியிட்ட ஆய்வுகளை எண்ணி எடைபோட்டு, குழுவினர் அவர்க்குத் தந்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டனர். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது. மிக அதிகம் சாதித்த பெண்களைக் குழுவினர் மிகக் குறைவாய்ச் சாதித்த ஆண்களுக்குச் சமமாக மதித்திருந்தனர். உலகமெங்கும் பேசப்பட்டது இந்தச் செய்திதான். என்னை உலுக்கியதோ அக்கட்டுரையின் மற்றொரு கண்டுபிடிப்பு.

விண்ணப்பதாரரோடு தொடர்புடைய உறுப்பினர் மதிப்பெண் இடக்கூடாது என்பது அந்த மன்றத்தின் விதி. அவ்விதி ஒழுங்காகவே பின்பற்றப்பட்டது. தம் மாணவரின் விண்ணப்பம் வந்தபோது உறுப்பினர் விலகிக்கொண்டார், எஞ்சியவர்களே மதிப்பிட்டனர். எஞ்சியவர்கள் இட்ட மதிப்பெண்களில், விலகியவருடைய ஆளுக்கு ஒரு கூடுதல் இருந்தது. அந்தக் கூடுதலின் அளவு, ஆணாய்ப் பிறந்ததால் கிடைத்த கூடுதலுக்கு ஏறத்தாழ ஒப்பாகும். எவரும் எவரிடமும் பேசவில்லை, கேட்கவும் இல்லை. உடன் அமர்ந்து உழைக்கும் நண்பரின் மாணவர் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். தொடர்பில்லாத ஒரு பெண் இரண்டு சுமைகளையும் ஒருங்கே தாங்க வேண்டியிருந்தது.

பிற்காலத்தில், 2008இல், சாண்ட்ஸ்ட்ரோம், ஹெல்ஸ்டென் என்னும் இருவர் அந்நாட்டில் 2004ஆம் ஆண்டு நடந்த தெரிவுகளை மீண்டும் ஆராய்ந்து வெளியிட்டனர். பெண்களுக்கு எதிரான பழைய சாய்வு மறைந்திருந்தது. ஏட்டைத் திறந்து காட்டிய பின் அது நேர்ந்தது என்பது குறிக்கத்தக்கது. தொடர்புடையவர்க்குக் கிடைத்த கூடுதலோ மறையவில்லை.

நான் தாழ்வாரத்தில் நின்ற பத்து நிமிடங்களை அப்போதுதான் மீண்டும் நினைத்தேன். உள்ளே நால்வர், நான்கு ஆண்டுகளாக என்னோடு அமர்ந்தவர்கள், என் இல்லத் திருமணத்துக்கு வந்தவர்கள். வெற்றாய்க் கிடந்த என் நாற்காலி அவர்களுக்கு நேரே இருந்தது. யாருடைய மருமகனின் தாளைப் படிக்கிறோம் என்பதை நான் எழுந்து சென்றதே அவர்களுக்கு உரக்க அறிவித்துவிட்டது. நான் இருந்திருந்தால் ஒருவேளை கூச்சப்பட்டு இரு கேள்விகள் கேட்டிருப்பார்கள். விலகுவது தேவையற்றது என்று சொல்லவில்லை. கட்டாயம் விலகத்தான் வேண்டும். ஆனால் அது தொடக்கமே. அந்த ஒரு விண்ணப்பத்தை நம் முகமறியாத வேறோர் ஊர்க் குழுவுக்கு அனுப்பியிருக்கலாம். அல்லது அந்த ஆண்டு முழுவதுமே நான் குழுவில் அமராதிருந்திருக்கலாம். எதையும் செய்யவில்லையாயினும், இவனுக்கு ஏன், அவளுக்கு ஏன் இல்லை என்று இரண்டு வரி எழுதி வைத்திருக்கலாம். அந்தப் பெண் வந்து கேட்டால் படித்துக் காட்டக்கூடிய இரண்டு வரி. இராமானுஜனுக்காக எழுந்து பேசியவர்களிடம் அது இருந்தது. சுவீடன் நாட்டு அறிஞர்களிடம் இல்லை. எங்களிடமும் இல்லை.

ஊதியமின்றிச் செய்கிறோம், இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தன்னார்வலர் சிலர் கேட்பதுண்டு. மாலை நேரத்தை ஈந்தது நாம்தான். தொகையை ஈந்தவர் வேறொருவர்; அது சேர வேண்டியவர் மற்றொருவர். இடையில் நிற்பவருக்கு அதில் உரிமையாவது எதுவுமில்லை. விண்ணப்பத்தில் எழுதப்பட்ட செய்திகளும் அவருடையவை அல்ல. தந்தையின் குடி, தாயின் நோய், அடகு வைத்த நகை என்று வீட்டுக்குள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரு பிள்ளை தாளில் எழுதித் தந்திருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் அவை பேச்சாக மாறுவதைக் கேட்டிருக்கிறேன். இரக்கத்தோடு பேசினார்கள் என்பது உண்மை. பேசினார்கள் என்பதும் உண்மை.

சென்ற ஆண்டு அந்த ஊருக்குப் போகும் வாய்ப்பு நேர்ந்தது. பழைய உதவித்தொகைப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். இப்போது பொறுப்பில் இருக்கும் இளைஞர் மகிழ்ச்சியோடு எடுத்துத் தந்தார். விண்ணப்பங்கள் எங்கே என்றேன். பழைய தாள்களோடு எடைக்குப் போட்டிருப்பார்கள் என்றார். பதிவேடு நன்றாகவே பேணப்பட்டிருந்தது. கோடிட்ட பக்கத்தில் தெரிவானவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஏழாவது வரியில் என் தமக்கை மகனின் பெயர். எதிரே தொகை, தேதி, அவனுடைய கையொப்பம். தெரிவாகாதவர்களுக்கு அந்த ஏட்டில் பக்கமே இல்லை. பென்சிலின்மேல் மையால் எழுதிய அந்தப் பெண்ணின் பெயரை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். அவளுடைய கையெழுத்து நினைவில் இருக்கிறது. பெயர் வரவில்லை.